பட்டறை மேசையில் கிடக்கும் அரசு மந்தணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பணிகளைத் தனியார் நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் விடுவது குறித்துத் தங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளையும் வாசகர் கடிதங்களையும் தொடர்ந்து படித்து வருகிறேன். செலவு குறையுமா, வேலை விரைந்து முடியுமா, தரம் கெடாதா என்ற கேள்விகளையே எல்லோரும் எழுப்புகிறார்கள். வேலையோடு சேர்ந்து நிறுவனத்தின் கைக்குப் போகும் அரசு இரகசியங்களை அதன்பின் யார் காப்பது என்று ஒருவரும் கேட்கக் காணோம். அரசுக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுத்த ஒரு தனியார் தொழிற்சாலையின் வரைபடக் காப்பறையில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த அனுபவம் தரும் உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில் என் தவற்றையே சொல்லிவிடுகிறேன். என் பொறுப்பில் இருந்த ஒவ்வொரு வரைபடத்துக்கும் எண் உண்டு. யார் எடுத்தார், எந்த நாளில் எந்த மணிக்கு எடுத்தார், எப்போது திருப்பினார் என்பதெல்லாம் பதிவேட்டில் கையொப்பத்தோடு இருக்கும். ஆண்டுதோறும் ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, இரும்பு அலமாரியின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்து, திருப்தியோடு கையெழுத்திட்டுப் போவார்கள். பதிவேட்டில் பிழையே கிடையாது. ஆனால் காப்பறையிலிருந்து வரைபடம் வாங்க மேலாளர் இருவரின் ஒப்புதல் வேண்டும், அதற்கு இரண்டு நாள் ஆகும் என்பதால், ஒருமுறை வெளியே வந்த வரைபடத்தைப் பட்டறைக்காரர்கள் நகலெடுத்து வைத்துக்கொள்வார்கள். அந்த நகல் எண்ணெய்க் கறையோடு லேத் இயந்திரத்தின் அருகே மாதக்கணக்கில் கிடக்கும். எங்களால் செய்ய முடியாத நுண்வேலையை வெளியே ஒரு சிறு பட்டறைக்குக் கொடுத்தபோது, அந்த நகலின் நகல் அங்கே போயிற்று. கைப்பேசி வந்த பிறகு படமாகவே போயிற்று. எனக்கு இது தெரியும். மூலப்படி அலமாரிக்குத் திரும்பிவிட்டதால் என் கடமை முடிந்ததாக நினைத்துக்கொண்டேன். கெட்ட எண்ணம் எங்களில் யாருக்கும் இருந்ததில்லை. குறித்த நாளுக்குள் சரக்கை அனுப்பியாக வேண்டும் என்ற அவசரம் மட்டுமே இருந்தது.

இது ஒரு தொழிற்சாலையின் ஒழுங்கீனம் என்று தள்ளிவிட முடியாது. உலகெங்கும் வெளியே தெரியவந்த பெரிய கசிவுகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒப்பந்தச் சங்கிலியின் மேல்முனையில் பூட்டு சரியாகவே இருந்திருக்கிறது; கீழே இறங்க இறங்கத்தான் அது தளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் தனியார் நிறுவனங்களிடம் உள்ள அரசு இரகசியங்களைக் காப்பதற்கென்றே 1993 ஜனவரியில் ஓர் அதிபர் ஆணை வழியாகத் தனித் திட்டம் தொடங்கினார்கள். அதன் விதிநூல் 2021 பிப்ரவரியிலிருந்து சட்ட வலுவுள்ள விதியாகவே நடைமுறையில் இருக்கிறது. நிறுவனத்துக்குத் தனியாகத் தகுதிச் சான்று, அதில் வேலை செய்யும் ஆளுக்குத் தனியாகப் பின்னணி விசாரணை, அதற்கும் மேலாக அந்தக் குறிப்பிட்ட தாளை அவர் தம் வேலைக்காகத் தெரிந்துகொண்டே ஆக வேண்டுமா என்ற கேள்வி என மூன்று வாயில்கள் உண்டு. துணை ஒப்பந்ததாரருக்கும் இந்த நிபந்தனைகள் அப்படியே பொருந்தும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். நிபந்தனை எழுதிய தாள் கீழே இறங்கிவிடுகிறது. அதைக் கடைப்பிடிப்பதற்கான பணமும் ஆளும் அவகாசமும் கூடவே இறங்குவதில்லை.

ஸ்கார்பீன் நீர்மூழ்கிக் கப்பல் விவகாரத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிரான்சின் டி.சி.என்.எஸ். நிறுவனம் வடிவமைத்து இந்தியக் கடற்படைக்காகக் கட்டப்பட்டு வந்த ஆறு கப்பல்கள் தொடர்பான 22,400 பக்கங்கள் வெளியே போய்விட்டதை, ஆஸ்திரேலிய நாளிதழ் ஒன்று 2016 ஆகஸ்டில் வெளியிட்டது. அந்த நாளிதழ் சொன்னபடி, 2011ஆம் ஆண்டிலேயே துணை ஒப்பந்ததாரராக இருந்த ஒருவர் வழியாக அந்த ஆவணங்கள் நிறுவனத்தை விட்டு வெளியேறியிருக்கின்றன. பின்னர் வேறு நாடுகளில் இருந்த நிறுவனங்களைச் சுற்றி, 2013இல் ஒரு வட்டில் பதியப்பட்டுச் சாதாரண அஞ்சலில் சிட்னிக்குப் போயிருக்கின்றன. செய்தி வெடித்தபோது, கசிந்த இடம் வெளிநாடாகத் தோன்றுகிறது என்று இந்தியத் தரப்பு சொன்னது. இது வணிகப் போட்டியாளர்களின் வேலையாக இருக்கலாம் என்று நிறுவனம் ஐயப்பட்டது. என்னைப் பொறுத்தவரை, அந்த வாக்குவாதத்தை விடவும் கவனிக்க வேண்டியது இடையில் கழிந்த ஐந்து ஆண்டுகளைத்தான். அத்தனை பக்கங்கள் காணாமல் போனதாக எந்தப் பதிவேடும் கூச்சலிடவில்லை. ஏனென்றால் மூலப்படிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. நகல் திருடுபோனால் அலமாரி காலியாவதில்லை.

ஆஸ்திரேலியாவில் நடந்த இன்னொரு நிகழ்வு இதைவிடப் பாடம் நிறைந்தது. பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்துகொண்டிருந்த, சுமார் 50 பேர் மட்டுமே கொண்ட ஒரு சிறு வானூர்திப் பொறியியல் நிறுவனத்தின் கணினிகளுக்குள் 2016 ஜூலையில் யாரோ நுழைந்தார்கள். அரசுக்கு இது தெரியவந்தது நவம்பரில். அதற்குள் 30 ஜிகாபைட் அளவுக்குத் தகவல் போய்விட்டது; எஃப்-35 போர் விமானம், பி-8 கண்காணிப்பு விமானம், கடற்படைக் கப்பல்கள் ஆகியவை பற்றிய விவரங்கள் அதில் இருந்தன. அந்த நிறுவனத்தில் கணினிப் பணிக்கென்று இருந்தவர் ஒரே ஒருவர். அவரும் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது மாதங்களே ஆகியிருந்தன. இணையத்தை நோக்கித் திறந்திருந்த சேவைகளில், பயனர் பெயரும் ‘அட்மின்’, கடவுச்சொல்லும் ‘அட்மின்’. மற்றொன்றில் இரண்டும் ‘கெஸ்ட்’. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த நிறுவனம் நான்கு படிகள் கீழே இருந்த துணை ஒப்பந்ததாரர். மேலே இருந்த பெரிய நிறுவனங்களில் பாதுகாப்புக்கென்றே தனித்துறைகள் இருந்திருக்கும். திருட வந்தவன் அந்தக் கதவுகளைத் தட்ட வேண்டிய தேவையே இல்லாமல், அதே பொருளைப் பூட்டில்லாத வீட்டிலிருந்து எடுத்துப் போனான்.

அங்கே திருடுபோனவை இரகசிய முத்திரை இல்லாத, ஆனால் வணிக முறையில் காக்கப்பட வேண்டிய தகவல்கள் என்று ஆஸ்திரேலிய அரசு விளக்கம் தந்தது. உண்மையாகவே இருக்கட்டும். முத்திரை என்பது ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியே குத்தப்படுவது. ஒரு திருகின் அளவு இரகசியமன்று, ஓர் உலோகக் கலவையின் பெயர் இரகசியமன்று, ஒரு சோதனை நடந்த தேதியும் இரகசியமன்று. இவை ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் குவிந்தால், அந்தக் கருவி எவ்வளவு ஆழத்தில் வேலை செய்யும், எந்த வெப்பத்தில் உடையும் என்பதை அறிந்த ஒருவர் கணித்துவிட முடியும். 2018 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அமெரிக்கக் கடற்படையின் நீரடிப் போர் ஆய்வு மையத்துக்காக வேலை செய்த ஓர் ஒப்பந்த நிறுவனத்திடமிருந்து 614 ஜிகாபைட் தகவலைச் சீன அரசின் ஊடுருவலாளர்கள் கொண்டுபோனதாக அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. அவை இருந்தது நிறுவனத்தின் சாதாரண வலையமைப்பில்தான். ஆனால் மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் இரகசியம் என்று கருத வேண்டியவை என அதிகாரிகளே ஒப்புக்கொண்டார்கள். என் காப்பறையிலும் இப்படித்தான். தனித்தனி உதிரிப் பாகங்களின் வரைபடங்களுக்கு முத்திரை கிடையாது. அவற்றை எப்படி ஒன்றாக இணைப்பது என்று காட்டும் ஒரே ஒரு பெரிய தாளுக்குத்தான் உண்டு. உதிரிகள் எல்லாவற்றின் நகலும் தம் மேசையில் இருக்கும் ஒரு தேர்ந்த ஃபிட்டருக்கு அந்தப் பெரிய தாள் எதற்கு?

ஆட்களைப் பற்றி அடுத்துச் சொல்ல வேண்டும். எட்வர்ட் ஸ்னோடென் 2013இல் அமெரிக்க உளவு அமைப்பின் இரகசியங்களை வெளிக்கொணர்ந்தபோது அவர் அரசு ஊழியர் அல்லர். பூஸ் ஆலன் ஹாமில்டன் என்ற ஒப்பந்த நிறுவனத்தில் சேர்ந்து மூன்று மாதங்கள்கூட ஆகாதவர். அவர் செய்தது சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் இறங்கவில்லை. அவருடைய பின்னணியை 2011இல் மறுபடி விசாரித்தது யார் என்று பார்த்தால் யு.எஸ்.ஐ.எஸ். என்ற இன்னொரு தனியார் நிறுவனம்! அரசின் இரகசியங்களைத் தொடக்கூடியவர் யார் என்று முடிவுசெய்யும் விசாரணையே ஒப்பந்தத்தில் விடப்பட்டிருந்தது. 2008 மார்ச் முதல் 2012 செப்டம்பர் வரை குறைந்தது 6,65,000 விசாரணை அறிக்கைகளை, முறைப்படி மறுபார்வை செய்யாமலேயே செய்துவிட்டதாகச் சொல்லி அந்த நிறுவனம் அரசிடம் ஒப்படைத்தது என்று அமெரிக்க நீதி அமைச்சகம் 2014இல் குற்றம் சாட்டியது. அது அந்நிறுவனத்தின் அந்தக் காலத்து மொத்த வேலையில் ஏறத்தாழ 40 விழுக்காடு. வழக்கு 2015இல் 3 கோடி டாலர் அளவுக்கான சமரசத்தில் முடிந்தது. எண்ணிக்கைக்குக் கூலி என்று வைத்தால், எண்ணிக்கைதான் கிடைக்கும்.

அதே 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்திலிருந்து 2 கோடியே 15 லட்சம் பேரின் பின்னணி விசாரணை விவரங்கள் திருடப்பட்டது தெரியவந்தது. கடன், நோய், வெளிநாட்டு உறவு, பழைய குற்றம் என ஒரு மனிதர் தம் நெருங்கிய உறவினரிடம்கூடச் சொல்லத் தயங்குவதையெல்லாம் அந்தப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். கூடவே 56 லட்சம் பேரின் விரல் ரேகைகளும் போயின. கடவுச்சொல்லை மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. ஊடுருவியவர்கள் பயன்படுத்திய திறவுகோல், பின்னணி விசாரணையை ஒப்பந்தத்தில் எடுத்திருந்த மற்றொரு நிறுவனத்தின் பயனர் கணக்கு.

பிரிட்டனில் 2008இல் நடந்ததும் இதே வகைதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள 84,000 கைதிகளின் விவரங்களை உள்துறை அமைச்சகம் சங்கேதமாக்கித்தான் ஆலோசனை நிறுவனத்துக்கு அனுப்பியது. நிறுவன ஊழியர் அதை வசதிக்காகப் பூட்டில்லாத ஒரு பென் டிரைவில் ஏற்றினார், அது தொலைந்தது. 15 லட்சம் பவுண்டு ஒப்பந்தம் ரத்தானது. தொலைந்த பொருள் தொலைந்ததுதான்.

இவற்றைப் படித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் முத்திரை குத்து, எல்லோரையும் சந்தேகி, தண்டனையைக் கூட்டு என்று சிலர் எழுதக்கூடும். நான் அந்தப் பக்கம் நிற்கவில்லை. முத்திரை மிகுந்தால் அதன் மதிப்புக் குறையும். எங்கள் தொழிற்சாலையில் கழிப்பறைக் குழாய் எங்கே போகிறது என்று காட்டும் வரைபடத்துக்கும் ஒருகாலத்தில் சிவப்பு முத்திரை இருந்தது; அதைப் பார்த்துப் பழகிய கண், உண்மையான சிவப்பு முத்திரையையும் அலட்சியமாகவே பார்த்தது. தவிரவும், அரசு மறைப்பதெல்லாம் நாட்டின் பாதுகாப்புக்காகத்தான் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. வியட்நாம் போர் பற்றி அமெரிக்க அரசு தயாரித்த சுமார் 7,000 பக்க இரகசிய ஆய்வை 1969இல் ஆய்வாளர் டேனியல் எல்ஸ்பர்க் நகலெடுத்தது ரேண்ட் என்ற ஒப்பந்த ஆய்வு நிறுவனத்தின் பெட்டகத்தில் இருந்த படியிலிருந்துதான். 1971இல் அதைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தில் அமெரிக்க அரசுக்காக வாதாடிய எர்வின் கிரிஸ்வோல்ட், 18 ஆண்டுகள் கழித்து, அந்த வெளியீட்டால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து நேர்ந்ததற்கான தடயத்தையே தாம் காணவில்லை என்று எழுதினார். நம் நாட்டிலேயே, 1994இல் விண்வெளித் தொழில்நுட்பத்தை விற்றதாகக் கைதுசெய்யப்பட்ட நம்பி நாராயணன் மீதான வழக்கு பொய்யென்று மத்தியப் புலனாய்வுத் துறையே 1996இல் சொன்ன பிறகும், அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட 2018 வரை ஆயிற்று. இரகசியச் சட்டத்தை ஆத்திரத்தில் கையில் எடுத்தால், கசிவு அடைபடாது, குற்றமற்றவர் சிக்குவார்.

ஆகவே நான் கேட்பது தண்டனையின் கடுமையை அன்று, மேற்பார்வையின் ஆழத்தை. ஒப்பந்த நிறுவனம் ‘நாங்கள் எல்லா விதிகளையும் கடைப்பிடிக்கிறோம்’ என்று தானே எழுதித் தரும் உறுதிமொழியை ஏற்றுக்கொள்வதை அரசு நிறுத்த வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் ஒப்பந்ததாரர்கள் 110 கணினிப் பாதுகாப்புத் தேவைகளை நிறைவேற்றியதாகத் தாமே சொல்லும் முறையைப் பல ஆண்டுகள் நம்பிப் பார்த்து, அது போதவில்லை என்று கண்டு, முக்கியமான ஒப்பந்தங்களுக்கு வெளியார் நேரில் வந்து சோதிக்கும் முறைக்கு இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. அந்தச் சோதனை முதல் ஒப்பந்ததாரரின் குளிரூட்டப்பட்ட அலுவலகத்தோடு நின்றுவிடாமல், சங்கிலியில் கடைசியாக இருக்கும் பட்டறை வரை போக வேண்டும். ஆய்வாளர் பதிவேட்டைக் கேட்பதற்கு முன் இயந்திரத்தின் பக்கத்தில் கிடக்கும் தாளைப் பார்க்க வேண்டும். எந்த நிறுவனம் எந்த வேலையை யாருக்குக் கைமாற்றியது என்ற முழுப் பட்டியலும் அரசிடம் இருக்க வேண்டும். இன்று பல இடங்களில் மூன்றாம் படிக்குக் கீழே யார் இருக்கிறார் என்பது முதல் ஒப்பந்ததாரருக்கே தெரியாது.

காப்புக்கு ஆகும் செலவை ஒப்பந்தத் தொகையில் தனி இனமாகக் காட்டி அரசே தர வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறேன். குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்ற முறையில், நேர்மையாகப் பாதுகாப்புச் செலவைச் சேர்த்துக் கணக்கிட்டவர் தோற்றுப்போகிறார். கணினிக்கு ஆள் வைக்காதவர் வெல்கிறார். ஐம்பது பேர் கொண்ட நிறுவனத்தில் ஒரே ஒருவர் கணினிகளைக் கவனித்துக்கொண்டிருந்ததற்கு அந்த நிறுவனத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விலைப் புள்ளியை ஒப்பிட்டுப் பார்த்த அதிகாரிக்கும் அதில் பங்குண்டு.

இன்னொன்றும் உண்டு. தவறு நடப்பதைப் பார்க்கும் ஒப்பந்த ஊழியருக்கு அதைச் சொல்ல ஓர் இடம் வேண்டும். அரசு ஊழியருக்கு மேலதிகாரியாவது உண்டு. தனியார் ஊழியர் வாயைத் திறந்தால் வேலை போகும், நிறுவனத்துக்கு ஒப்பந்தமும் போகும். அமெரிக்காவில் ஏவூர்தி இயந்திரங்கள் செய்யும் ஒரு நிறுவனம் கணினிப் பாதுகாப்பு பற்றி அரசிடம் உண்மை சொல்லவில்லை என்று அதன் முன்னாள் ஊழியரே வழக்குத் தொடுத்தார். 2022இல் நிறுவனம் 90 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது, ஊழியருக்கு அதில் ஒரு பங்கும் சட்டப்படி கிடைத்தது. இப்படியொரு வழி எனக்கு இருந்திருந்தால் பேசியிருப்பேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பேசியிருப்பேன் என்று உறுதியாகச் சொல்லத் துணிவில்லை. ஆனால் யாரிடம் பேசுவது என்றாவது தெரிந்திருக்கும்.

ஒப்பந்தம் முடியும் நாளைப் பற்றி எந்த விதிநூலும் போதிய அளவு கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. நிறுவனம் கைமாறலாம், கடனில் மூழ்கலாம், பழைய கணினிகள் எடைக்குப் போகலாம். நகலெடுக்கும் இயந்திரத்துக்குள்ளேயே நினைவகம் இருப்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. நான் ஓய்வு பெற்ற அன்று, என் பொறுப்பில் இருந்த வரைபடங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்து, அலமாரிச் சாவியைப் புதியவரிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்கினேன். கணக்குச் சரியாக இருந்தது. பட்டறையில் கிடந்த நகல்களைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரைபடக் காப்பாளர் ஒருவர்